ஆங்கிலம் பழகுவோம்: பெயர்ச்சொல் ஐந்து வகை



கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு நாள், வரவு செலவு வாசித்து முடித்த பிறகு, ஒரு அக்கா எழுந்து நின்றார். கையில் ஒரு நோட்டீஸ். "பிள்ளைய, சாட்சிக் கையெழுத்துன்னு சொல்லித்தான போடச் சொன்னாவ? இப்போ கடனை நான் கட்டணும்னு வந்திருக்கு. இது என்ன நியாயம்?" என்றார். பக்கத்து வீட்டு மைனி ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியபோது போட்ட கையெழுத்து அது. படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தோம். அக்கா கையெழுத்துப் போட்டிருந்த இடத்துக்கு மேலே ஆங்கிலத்தில் 'கேரண்டார்' என்று அச்சடித்திருந்தது. சாட்சிக்கென்று 'விட்னஸ்' என்ற கட்டம் கீழே தனியாக இருந்தது. அது காலியாகக் கிடந்தது.

கேரண்டார் என்றால் ஜாமீன்தாரர். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொள்பவர். விட்னஸ் என்றால், இன்னார் கையெழுத்துப் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன் என்பவர். அவ்வளவுதான் அவர் பொறுப்பு. இரண்டுமே ஆளைக் குறிக்கிற பெயர்ச்சொல். ஒரு சொல்லுக்கும் மற்ற சொல்லுக்கும் நடுவில் அக்காவுக்கு நாலு தவணைப் பணம் போயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த மைனி மீதியைக் கட்டி முடித்தார்.

அன்றைக்கே பல பேர் சொன்னீர்கள், "ஆங்கிலம் பேச வேண்டாம், கையெழுத்துப் போடுற இடத்தில் என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சாப் போதும்" என்று. அதனால் இந்தப் பாடத்தைப் பெயர்ச்சொல்லில் இருந்தே தொடங்குகிறோம். படிவம், பாஸ்புக், பில், நாம் விற்கிற பாக்கெட்டின் லேபிள், எதை எடுத்தாலும் அதில் முக்கால்வாசி பெயர்ச்சொல்தான். வினைச்சொல் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெயர்ச்சொல் நமக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறு வகையாகச் சொல்லியிருக்கிறது. சினை என்றால் உறுப்பு. கை, கால், கிளை, இலை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு 'நவுன்' என்று பெயர். பிள்ளைகளின் ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் அதை ஐந்து வகையாகப் பிரித்திருப்பார்கள்: ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட். தமிழ் ஆறும் ஆங்கில ஐந்தும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தாது. பிள்ளை வீட்டுப்பாடத்தோடு வந்தால் ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லிக்கொடுக்கப் போய்க் குழப்பிவிடாதீர்கள்.

ப்ராப்பர் நவுன்: சிறப்புப்பெயர்

ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு ஊருக்கு, ஒரே ஒரு ஆற்றுக்கு என்று வைத்த பெயர் ப்ராப்பர் நவுன். நாகர்கோவில், தோவாளை, பழையாறு, வடசேரி, பேச்சிப்பாறை. நம் ஒவ்வொருவரின் பெயரும், நம் குழுவுக்கு வைத்த பெயரும் இதில் சேரும். இதை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இல்லாததால் இது நமக்குப் பழக்கமில்லாத விஷயம். ஊர், ஆள் மட்டுமல்ல, கிழமையும் மாதமும் கூட ஆங்கிலத்தில் ப்ராப்பர் நவுன்தான். மண்டே, ஜனவரி என்று எழுதும்போது முதல் எழுத்து பெரியது. மொழியின் பெயருக்கும் அப்படியே.

சிறப்புப்பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. தங்கம் என்பது நகைக்கடையில் 'கோல்ட்'. தங்கம் மைனியின் பெயராக வந்தால் தங்கம்தான். மைனியை யாரும் மிஸஸ் கோல்ட் என்று எழுத முடியாது! முத்து, பவளம், செல்வம், மல்லிகா எல்லாம் இப்படித்தான்.

இந்த வகையில் நமக்கு வருகிற பெரிய தொல்லை ஸ்பெல்லிங். மற்ற சொற்களுக்கு அகராதி இருக்கிறது, பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஆள் பெயருக்கு அகராதி கிடையாது. லட்சுமி என்ற பெயரை நடுவில் 'கே எஸ் ஹெச்' போட்டும் எழுதலாம், 'எக்ஸ்' போட்டும் எழுதலாம். இரண்டும் தப்பில்லை. ஆனால் ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் தாய் பெயர் இன்னொரு மாதிரி இருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நாம்தான் அலைய வேண்டும். இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதையும் பாருங்கள். இந்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக் மூன்றையும் கொண்டு வாருங்கள். ஒரு தாளில் மூன்று ஸ்பெல்லிங்கையும் எழுத்து எழுத்தாக ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்ப்போம்.

ஊர்ப் பெயரும் மாறும். கன்னியாகுமரியை வெள்ளைக்காரர்கள் கேப் கொமோரின் என்று எழுதினார்கள். பழைய பத்திரங்களில் அப்படித்தான் இருக்கும். திருவனந்தபுரம் அவர்கள் வாயில் ட்ரிவாண்ட்ரம் ஆயிற்று. 1991-ல் அரசு பழைய பெயரையே ஆங்கிலத்திலும் எழுத உத்தரவு போட்டது. மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆயிற்று. இடம் அதே இடம்தான்.

காமன் நவுன்: பொதுப்பெயர்

ஒரு வகையில் உள்ள எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர் காமன் நவுன். நாகர்கோவில் ப்ராப்பர், 'சிட்டி' காமன். பழையாறு ப்ராப்பர், 'ரிவர்' காமன். பெரிய எழுத்து தேவையில்லை.

படிவங்களில் ஆளைக் குறிக்கிற காமன் நவுன்களைத்தான் நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 'பாரோயர்' என்றால் கடன் வாங்குபவர். 'லெண்டர்' என்றால் கடன் கொடுப்பவர். 'கோ-பாரோயர்' என்றால் கூட்டாகக் கடன் வாங்குபவர். பணம் கையில் வாங்கியது வேறு ஆளாக இருந்தாலும் கடன் இவர் தலையிலும் இருக்கும். 'அப்ளிகண்ட்' என்றால் விண்ணப்பதாரர். கேரண்டாரையும் விட்னஸையும் மேலே பார்த்தோம்.

சில சொற்களின் வாலைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். 'அர்', 'ஆர்' என்று முடிந்தால் அநேகமாகச் செய்கிறவர், கொடுக்கிறவர். 'ஈ' என்று நீட்டி முடிந்தால் பெறுகிறவர். எம்ப்ளாயர் வேலை கொடுப்பவர், எம்ப்ளாயீ வேலை பார்ப்பவர். ட்ரெயினர் பயிற்சி கொடுப்பவர், ட்ரெயினீ பயிற்சி பெறுபவர். காசோலையின் மேல் மூலையில் இரண்டு கோடு போட்டு 'அக்கவுண்ட் பேயீ' என்று எழுதுகிறோமே, அந்தப் பேயீ பணம் பெறுகிறவர். நாமினீ என்றால், நாம் இல்லாத காலத்தில் நம் கணக்கில் உள்ள பணத்தைப் பெற்றுக்கொள்ள நாமே குறித்துக் கொடுக்கிற ஆள். இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வருகிறவர்கள் நம்மில் நிறைய பேர். பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.

இந்த வால் கணக்கு எல்லாச் சொல்லுக்கும் ஒத்து வராது. 'கமிட்டீ'யும் ஈயில்தான் முடிகிறது. அது ஆள் இல்லை, ஆட்களின் கூட்டம். 'கேரண்டீ' என்பது ஜாமீன் என்கிற உறுதி, ஆள் கேரண்டார்.

பொதுப்பெயருக்கு ஒருமை பன்மை உண்டு. பொதுவாகக் கடைசியில் 'எஸ்' சேர்த்தால் பன்மை: லோன், லோன்ஸ். சேர்க்காமலேயே மாறுகிறவையும் உண்டு. சைல்ட், சில்ட்ரன். டூத், டீத். அதில் நம் சொல்லே ஒன்று இருக்கிறது. ஒரு பெண் 'வுமன்', பல பெண்கள் 'விமன்'. எழுதும்போது ஒரே எழுத்துதான் மாறும், கடைசிக்கு முந்தின எழுத்து 'ஏ' இருந்தால் ஒருத்தி, 'ஈ' இருந்தால் பலர். ஆனால் வாயால் சொல்லும்போது முதல் பாதிதான் மாறுகிறது, வேடிக்கைதான். 'விமன்' ஏற்கெனவே பன்மை. அதனால் குழுவின் பெயர்ப் பலகையில் 'விமன்ஸ்' என்று 'எஸ்' போடுவதானால் அதற்கு முன்னால் மேலே ஒரு சின்னக் குறி வேண்டும். அப்போது அது 'பெண்களுடைய' என்று பொருள்படும். குறி இல்லாமல் வெறும் 'எஸ்' போட்டால் தப்பு. உங்கள் ஊர்ப் பலகையைப் போய்ப் பாருங்கள், பெயின்டர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று.

கலெக்டிவ் நவுன்: கூட்டப்பெயர்

பல பேரை அல்லது பல பொருளை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும் பெயர். 'க்ரூப்' என்ற சொல்லே கலெக்டிவ் நவுன். டீம், கமிட்டி, ஃபெடரேஷன், ஃபேமிலி எல்லாம் இது. உறுப்பினர் பதினைந்து பேர் என்றாலும் குழு ஒன்று. "எங்கள் குழு சேமிக்கிறது" என்றுதானே சொல்கிறோம், "சேமிக்கின்றன" என்று சொல்வதில்லை. நம் நாட்டு ஆங்கிலத்திலும் அப்படியே ஒருமையாக எழுதுவதுதான் வழக்கம்.

வாழைக்குலையில் இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். ஒரு முழுக் குலைக்கு ஆங்கிலத்தில் 'பன்ச்'. அதில் உள்ள ஒரு சீப்புக்கு 'ஹேண்ட்', அதாவது கை. சீப்பில் உள்ள ஒரு பழத்துக்கு 'ஃபிங்கர்', விரல். பழ வியாபாரத்தில் இப்படித்தான் சொல்கிறார்கள். பன்ச்சும் ஹேண்டும் கூட்டப்பெயர், ஃபிங்கர் பொதுப்பெயர். நாம் தலைக்குச் சீவுகிற சீப்பின் பெயரை வைத்தோம், அவர்கள் கையின் பெயரை வைத்தார்கள். ஏத்தன், செவ்வாழை, ரசகதலி, மட்டி என்று நம்மிடம் இருக்கிற வகைக்கெல்லாம் அவர்களிடம் பெரும்பாலும் 'பனானா'தான்.

மெட்டீரியல் நவுன்: எதனால் ஆனது

பொருள் எதனால் செய்யப்படுகிறதோ அதன் பெயர். தங்கம், வெள்ளி, உப்பு, அரிசி, எண்ணெய், ரப்பர், கயிறு திரிக்கிற நார், லேஸ். இவற்றுக்குப் பொதுவாகப் பன்மை கிடையாது. எண்ணி முடியாது, அளக்கத்தான் முடியும். ஆயில் என்றால் ஆயில்தான்; பத்து லிட்டர் இருந்தாலும் நாம் விற்கிற தேங்காய் எண்ணெய் பாட்டிலில் 'கோகனட் ஆயில்' என்றுதான் அச்சடிக்க வேண்டும், 'ஆயில்ஸ்' அல்ல. கண்காட்சிக்குக் கொண்டுபோன பாட்டிலில் இதைத் தப்பாக அச்சடித்து, ஐந்நூறு லேபிளையும் கிழித்துப் போட்டது எங்களுக்கு மறக்காது.

பன்மை போட்டால் சில சொல் பொருளே மாறிவிடும். 'ரப்பர்' என்றால் குலசேகரம் பக்கம் மரத்தில் பால் எடுத்துச் செய்கிற பொருள். 'எ ரப்பர்' என்றால் பிள்ளை பென்சிலை அழிக்கிற துண்டு. 'க்ளாஸ்' கண்ணாடி, 'க்ளாஸஸ்' மூக்குக் கண்ணாடி. 'லேஸ்' என்றால் பின்னல் துணி, 'லேசஸ்' என்றால் பெரும்பாலும் ஷூவைக் கட்டுகிற கயிறு.

லேஸ் என்றதும் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், இங்கே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, அதோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அன்றைக்குத் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைச் சேர்த்து வைத்து, விலை கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். லேஸ் மெட்டீரியல் நவுன். அந்தப் பெண்கள் அதைக் கொடுத்து வாங்கியது 'ஃப்ரீடம்', அது அடுத்த வகை.

அப்ஸ்ட்ராக்ட் நவுன்: தொட முடியாத பெயர்

கண்ணால் பார்க்கவோ கையால் தொடவோ முடியாதது, ஆனால் இருக்கிறது என்று தெரியும். அன்பு, பசி, வறுமை, நேர்மை, விடுதலை, பயம். தமிழில் பண்புப்பெயர் என்று படித்தவற்றில் பல இங்கே வரும். 'மை' சேர்த்து நாம் பெண்மை, உண்மை, தலைமை என்று ஆக்குவதுபோல, ஆங்கிலத்திலும் வால் சேர்த்து ஆக்குவார்கள். மெம்பர், மெம்பர்ஷிப். லீடர், லீடர்ஷிப். ஹானஸ்ட், ஹானஸ்டி. ரீபே என்றால் திருப்பிக் கட்டு, ரீபேமெண்ட் என்றால் திருப்பிக் கட்டுதல். 'ஷிப்', 'டி', 'மெண்ட்', 'னஸ்', 'ஹுட்' என்று ஒரு சொல் முடிந்தால் அது அநேகமாக இந்த வகை என்று ஊகிக்கலாம்.

பாஸ்புக்கில் உள்ள 'இன்ட்ரஸ்ட்' இந்த வகையில் ஒரு ஏமாற்றுக்காரச் சொல். அதற்கு ஆர்வம் என்றும் பொருள், வட்டி என்றும் பொருள். வங்கித் தாளில் வந்தால் வட்டிதான். 'பிரின்சிபல்' என்றால் அசல். பள்ளிக்கூட முதல்வரும் அதே சொல்தான், அதே ஸ்பெல்லிங்தான். கொள்கை என்று பொருள்படும் 'பிரின்சிபிள்' வேறு. அது 'எல் ஈ' என்று முடியும், அசல் 'ஏ எல்' என்று முடியும். தவணை அட்டையில் பிரின்சிபல், இன்ட்ரஸ்ட் என்று இரண்டு கட்டம் தனித்தனியாக இருக்கும். நாம் கட்டுகிற பணத்தில் அசலுக்கு எவ்வளவு போகிறது, வட்டிக்கு எவ்வளவு போகிறது என்று அங்கேதான் பார்க்க வேண்டும். முதல் மாதங்களில் வட்டிக் கட்டத்தில் தொகை கூடுதலாக இருக்கும், பயப்பட வேண்டாம். மீதி அசல் அப்போது அதிகம், அதனால் வட்டியும் அதிகம்.

எண்ணுவதா, அளப்பதா?

ஐந்து வகைக்குக் குறுக்கே இன்னொரு பிரிவும் இருக்கிறது. எண்ணக்கூடிய பெயர், எண்ண முடியாத பெயர். தேங்காய், கோழி, சேலை, உறுப்பினர் எண்ணக்கூடியவை. 'ஹவ் மெனி' என்று கேட்க வேண்டும். அரிசி, பால், உப்பு எண்ண முடியாதவை, 'ஹவ் மச்'. நமக்கு நெல், அரிசி, சோறு என்று மூன்று பெயர். ஆங்கிலத்தில் அரிசியும் ரைஸ், சோறும் ரைஸ். 'ரைசஸ்' என்று கடையில் கேட்டால் சிரிப்பார்கள். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ் இவற்றுக்கும் 'எஸ்' கிடையாது. ஆபீசர்களே கூடத் தப்பு விடுகிற இடம் இது.

இதில் எங்கள் பொருளாளருக்கு ஒத்துக்கொள்ளவே முடியாத ஒன்று உண்டு. 'மணி', அதாவது பணம், ஆங்கிலத்தில் எண்ண முடியாத பெயராம்! "வாரா வாரம் நான் உக்காந்து எண்ணிக்கிட்டுத்தான இருக்கேன்?" என்று கேட்டார். அவர் எண்ணுவது ரூபாயை. ரூபீஸ் எண்ணக்கூடியது, மெனி ரூபீஸ். பணம் என்ற மொத்தம் எண்ண முடியாதது, மச் மணி. எண்ணெயை லிட்டரால் அளப்பதுபோல பணத்தை ரூபாயால் அளக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பெயர்ச்சொல் அவர்களிடம்

ஆங்கிலம் என்றதும் எல்லாம் அவர்களுடையது என்று தயங்க வேண்டாம். நம் கடற்கரைப் பெயர்ச்சொற்கள் கப்பலேறிப் போயிருக்கின்றன. நம் மீனவர்களின் கட்டுமரம்தான் அவர்கள் 'கட்டமரான்'. சுருட்டு 'செரூட்', மிளகுத்தண்ணி 'மல்லிகாட்டானி' சூப். மலையாளத்தில் கயறு என்பார்கள், அது 'காயர்' ஆயிற்று. கொப்பரை 'கோப்ரா', வெற்றிலை 'பீட்டல்'. கொப்பரையும் வெற்றிலையும் போர்ச்சுகீசியர் மலையாளக் கரையில் கேட்டுக்கொண்டு போய்ப் பிறகு ஆங்கிலத்துக்கு வந்தவை. பலாப்பழத்தை நம் மாவட்டத்தில் சக்கை என்கிறோமே, மற்ற மாவட்டத்துக்காரர்கள் அதற்குச் சிரிக்கவும் செய்வார்கள். ஆங்கிலத்தின் 'ஜாக்' ஃப்ரூட்டில் உள்ள ஜாக் அந்தச் சக்கைதான்.

இப்போது சட்டமும் நம் பெயர்களைக் காக்கிறது. வாழைப்பழம் பொதுப்பெயர், யாரும் சொல்லி விற்கலாம். 'கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம்' 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பெயர்; வேறு மாவட்டத்துப் பழத்தை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-ல் கிடைத்தது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும், வடசேரியில் செய்கிற நாகர்கோவில் கோயில் நகைக்கும் அதற்கு முன்பே உண்டு. பொதுப்பெயரோடு ஊர்ப்பெயர் சேர்ந்து சிறப்புப்பெயராக மாறியபோது அதற்கு ஒரு விலையும் வந்தது. லேபிள் அடிக்கும்போது இந்தப் பெயர்களைச் சும்மா போட்டுவிடாதீர்கள், பதிவு செய்துகொண்டவர்கள்தான் போட முடியும்.

வீட்டுப்பாடம்

கீழே உள்ள சொற்களை ஐந்து வகையில் எதில் சேரும் என்று பிரித்து நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு விடை வரும், அது எது என்று கண்டுபிடியுங்கள்.

கொளச்சல், சால்ட், நாமினீ, கமிட்டி, பாவர்ட்டி, ரப்பர், கோகனட், ஃப்ரைடே, மெம்பர்ஷிப், ஃபேமிலி.

இதோடு, வீட்டில் கிடக்கிற ஏதாவது ஒரு கடன் படிவத்தின் நகலையும் எடுத்து வாருங்கள். அதில் ஆளைக் குறிக்கிற பெயர்ச்சொல் எத்தனை என்று சேர்ந்து எண்ணுவோம். அந்த அக்காவும் தன் படிவத்தைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.